போகாத பிசுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் என்னோடு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எவர்சில்வர் தட்டுகளை மளமளவென்று தேய்த்துக் கவிழ்த்தவள், தன்னுடைய பிளாஸ்டிக் டிபன் டப்பா கைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். முந்தின நாள் அதில் புளியோதரை கொண்டுபோயிருந்தாள்.

"அத்தை, மூணு தடவை தேய்ச்சுட்டேன். தட்டெல்லாம் ஒரே தேய்ப்புல போயிடுச்சு. இது மட்டும் இன்னும் வழவழன்னு இருக்கு. மஞ்சளும் போகலை. ஏன்?"

நல்ல கேள்வி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தப் பிசுக்குக்குள் ஒரு வேதியியல் பாடம் இருக்கிறது. அதே பாடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அயர்லாந்தில் ஒரு பையன் தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக்கை வெளியே எடுக்க வழி கண்டான். அவனிடம் போவதற்கு முன்னால் டப்பாவை முடித்துவிடுவோம்.

தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது. அதன் ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மை, மறுபக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மை. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எண்ணெய் மூலக்கூறு அப்படி இல்லை. அது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளச் சங்கிலி. மின் தன்மையில் பக்கத்துக்குப் பக்கம் பெரிய வித்தியாசம் கிடையாது. கைகோத்து நிற்கும் தண்ணீர்க் கூட்டத்துக்குள் அதற்கு இடம் இல்லை. ரசத்தின் மேல் எண்ணெய் வட்ட வட்டமாக ஒதுங்கி நிற்பது அதனால்தான்.

பிளாஸ்டிக் எதனால் ஆனது? அதுவும் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். எண்ணெயில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நீளமான சங்கிலி. ஆக, எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒரே குணம் கொண்ட உறவுக்காரர்கள். இனம் இனத்தோடு சேரும் என்பார்களே, அதுதான் நடக்கிறது. தண்ணீர் ஒதுக்கிய எண்ணெய், பிளாஸ்டிக்கைக் கண்டதும் ஒட்டிக்கொள்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயோடு சேர்ந்து அதுவும் டப்பாவில் குடியேறிவிடுகிறது. எவர்சில்வர் உலோகம். அதன் மேல் சோப்புத் தண்ணீர் நன்றாகப் பரவி, எண்ணெயைக் கிளப்பிவிடும்.

இனி அயர்லாந்துக்குப் போவோம்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கடலோரத்தில், பாலிடிஹாப் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வளர்ந்தவன் ஃபியோன் ஃபெரேரா. பள்ளிக்கூடத்துப் பையன். கயாக் என்னும் குறுகலான துடுப்புப் படகில் கரையோரமாகச் சுற்றுவது அவன் பழக்கம். ஒருநாள் கரையில் ஒரு கல்லைப் பார்த்தான். எங்கிருந்தோ சிந்திய கச்சா எண்ணெய் அதன்மேல் படிந்திருந்தது. எண்ணெயில் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கரையில் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். எண்ணெய்க் கறையைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். ஃபியோனின் கண்ணில் பட்டது வேறு: எண்ணெயில் மணலைவிடப் பிளாஸ்டிக் ஏன் இப்படி விரும்பி ஒட்டியிருக்கிறது? என் அண்ணன் மகள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

அவனுக்கு இந்தத் துணுக்குகள் மேல் ஏன் அக்கறை? பிளாஸ்டிக் மட்கிப்போவதில்லை, உடைந்துபோகிறது. வெயில் படப்பட அதன் சங்கிலிகள் அறுந்து, பொருள் மொரமொரப்பாகி, நொறுங்கி நொறுங்கிச் சிறிதாகிறது. மொட்டைமாடியில் வருடக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினால் கைப்பிடி பொடிப்பொடியாக உதிருமே, அப்படி. 5 மில்லிமீட்டரைவிடச் சிறிய துணுக்குகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ப்சன் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. உடைந்த வாளி மட்டும் இதற்குக் காரணம் இல்லை. பாலியெஸ்டர் சட்டையைத் துவைக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத நூலிழைகள் உதிர்ந்து சாக்கடை வழியே போகின்றன. பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான். எவரெஸ்ட் சிகரத்துப் பக்கத்துப் பனியில்கூட இந்த இழைகள் இருப்பதை 2020இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் மலை ஏறுபவர்கள் உடுத்தும் உடைகளின் இழைகளாக இருக்கலாம் அவை.

பெரிய பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்கலாம், வலை போட்டு அள்ளலாம். மாவு போன்ற துணுக்கை எப்படிப் பொறுக்குவது? அதனினும் நுண்ணிய வலை வைத்தால் தண்ணீரே மெதுவாகத்தான் இறங்கும், வலையும் அடைத்துக்கொள்ளும். ஃபியோனை உறுத்தியது இந்தச் சிக்கல்தான்.

எண்ணெயைத் தண்ணீரில் கலந்தால் பிளாஸ்டிக் துணுக்குகள் அதில் ஒட்டும் என்பது கல்லில் தெரிந்துவிட்டது. ஒட்டிய பிறகு அந்த எண்ணெயை எப்படித் திரும்ப எடுப்பது? இந்த இடத்தில் அவனுக்கு வேறொருவர் செய்த வேலை கைகொடுத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. அறிவியலில் யாரும் தனியாக எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பது இங்கே நன்றாகத் தெரியும்.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் ஆர்டன் வார்னர் என்ற இயற்பியலாளர் வேலை பார்த்தார். அணுத்துகள்களைக் காந்தங்களால் வளைத்துச் செலுத்தும் இடம் அது. இந்த எண்ணெயை அள்ள வழியே இல்லையா என்று அவருடைய மனைவி கேட்டார். அந்தக் கேள்வி வார்னரை விடவில்லை. எண்ணெயில் காந்தத்துக்கு இழுபடும் பொடியைக் கலந்தால் எண்ணெயையே காந்தத்தால் இழுக்கலாமே என்று யோசித்து, வீட்டிலேயே செய்து பார்த்தார். இழுபட்டது. பிறகு அந்த முறையை மேக்னடைட் என்ற பொடியை வைத்து வளர்த்தெடுத்தார்.

மேக்னடைட் உங்களுக்குப் புதிது இல்லை. வீடு கட்டுவதற்காகத் தெருவில் கொட்டிய மணலில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை இழுத்து விளையாடியிருக்கிறீர்களா? காந்தத்தில் கறுப்பாக முள்முள்ளாகப் பொடி ஒட்டும். அதைப் பலர் இரும்புத்தூள் என்பார்கள். அது பெரும்பாலும் மேக்னடைட், அதாவது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த இயற்கைக் கனிமம்.

மேக்னடைட்டை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கவிடும் யோசனைக்கு வயது இன்னும் அதிகம். 1963இல் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் என்ற பொறியாளர் அதைச் செய்தார். விண்வெளியில் எடை இல்லை, ராக்கெட் எரிபொருள் தொட்டிக்குள் அங்குமிங்கும் அலையும். அதைக் காந்தத்தால் எஞ்சின் பக்கம் இழுக்க முடியுமா என்பது அவர் கேள்வி. மேக்னடைட்டை மிக மிக நுண்ணிய பொடியாக அரைத்து, அது கட்டிபிடிக்காமல் இருக்க ஒலீயிக் அமிலத்தையும் சேர்த்து, திரவத்தில் கலந்தார். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் திரவமே எழுந்து நிற்கும். இதற்குக் காந்தத் திரவம் என்று பெயர் சொல்லலாம். இந்த அரைக்கும் வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபியோன் செய்தது இவற்றைச் சேர்த்துவைத்ததுதான். சமையல் எண்ணெயும் மேக்னடைட் பொடியும் கலந்த காந்தத் திரவத்தை, பிளாஸ்டிக் துணுக்கு கலந்த தண்ணீரில் விட்டுக் கலக்கினான். துணுக்குகள் எண்ணெயைப் பிடித்துக்கொண்டன. எண்ணெய் மேக்னடைட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. காந்தத்தை உள்ளே விட்டான். மேக்னடைட் காந்தத்துக்கு ஓடியது, எண்ணெய் அதன் பின்னால், பிளாஸ்டிக் எண்ணெயின் பின்னால். தண்ணீர் தங்கிவிட்டது.

"சரி, எல்லா பிளாஸ்டிக்கும் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? அது கண்ணுக்கே தெரியாதே?" என்றாள் என் அண்ணன் மகள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடத்துக்கே அவள் வந்துவிட்டாள்.

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று கண் சொன்னால் போதாது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிச்சம் என்று எண்ணில் சொல்ல வேண்டும். அதற்கு ஒளிமானி என்ற கருவி வேண்டும். அதன் வேலை எப்படி என்று தெரிய, அரிசி களையும்போது பாருங்கள். முதல் கழுநீர் பால்போல இருக்கும், டம்ளருக்குப் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் மங்கலாகத் தெரியும். இரண்டாம் கழுநீரில் இன்னும் கொஞ்சம் தெரியும். மூன்றாவதில் நன்றாகத் தெரியும். தண்ணீரில் துணுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வெளிச்சம் தடுபடும். எவ்வளவு தடுபட்டது என்று அளந்தால் துணுக்கின் அளவைக் கணக்கிடலாம். ஃபியோனின் ஊரில் இப்படிப்பட்ட கருவி கிடைக்கும் ஆய்வுக்கூடம் பக்கத்தில் இல்லை. தானே ஒன்றைச் செய்துகொண்டான்.

பிறகு ஆரம்பித்தது பொறுமை. 10 வகைப் பிளாஸ்டிக்குகள், ஏறத்தாழ 1,000 சோதனைகள். ஒரு தடவை வந்த விடை தற்செயலாக இருக்கலாம். அதே சோதனையை மறுபடி மறுபடி செய்து அதே விடை வந்தால்தான் நம்பலாம். தொடங்குவதற்கு முன்பே ஒரு எதிர்பார்ப்பை எழுதிவைத்திருந்தான்: 100க்கு 85 பங்காவது வெளியே வர வேண்டும். கடைசியில் வந்த சராசரி 87.6. கூடவே, இதில் 1.1 முன்பின் இருக்கலாம் என்றும் எழுதினான். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துத்தான் எனக்கு அவன் மேல் மதிப்பு கூடியது. தன் விடை எவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம் என்பதையும் அளந்து சொல்பவன்தான் விஞ்ஞானி.

துணியிலிருந்து உதிரும் இழைகள் நன்றாக வந்தன. மிகவும் முரண்டு பிடித்தது பாலிப்ரொப்பிலீன் என்ற வகை. இதைச் சொன்னதும் என் அண்ணன் மகளிடம் டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 5 என்று இருந்தது. அதுதான் பாலிப்ரொப்பிலீனின் அடையாளம். உங்கள் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். உணவு வைக்கும் டப்பாக்களில் பல இந்த வகைதான்.

2019இல் கூகுள் நடத்திய உலக அறிவியல் போட்டியில் ஃபியோனுக்கு முதல் பரிசு கிடைத்தது, 50,000 டாலர். அப்போது அவனுக்கு 18 வயது. பிறகு நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கப் போனான்.

இதை வைத்துக் கடலையே சுத்தம் செய்துவிடலாமா? முடியாது. கடலில் எண்ணெயையும் பொடியையும் கொட்டிக் கலக்க முடியாது, கூடாது. கழிவுநீர் கடலுக்குப் போகும் முன்பு, அதைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் பயன்படுத்த வேண்டிய முறை இது. தன் முறையே முழுத் தீர்வு என்று ஃபியோனும் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் தீர்வு என்றான்.

"எப்படித் தெரியும்?" என்ற அதே கேள்விக்கு அருமையாக விடை சொன்ன இன்னொரு பையனையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கனடாவின் வாட்டர்லூ ஊரைச் சேர்ந்த டேனியல் பர்ட். வீட்டு வேலை செய்ய அலமாரியைத் திறந்தால், சேர்த்துவைத்த பிளாஸ்டிக் பைகள் அவன் மேல் சரிந்து விழுமாம். நம் வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் நூறு பை தொங்குமே, அதே காட்சி. இந்தப் பைகளை எந்த உயிராவது தின்னுமா என்று அவன் யோசித்தான்.

பைகளைப் பொடியாக்கினான். குப்பை கொட்டும் இடத்து மண்ணை எடுத்தான். தண்ணீரும் உப்புகளும் ஈஸ்ட்டும் சேர்த்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தான். மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். பிளாஸ்டிக்கைக் கொஞ்சமேனும் கடிக்கத் தெரிந்தவை அங்கே பெருகும், தெரியாதவை பின்தங்கும். அந்தக் கலவையில் கொஞ்சத்தை எடுத்துப் புதிய கலவையில் விட்டு, மறுபடி வளர்த்து, இப்படிப் பல முறை வடிகட்டினான். தோசை மாவு புளிக்கப் பழைய மாவில் ஒரு கரண்டி விடுவதுபோல.

பிறகு பிளாஸ்டிக் துண்டுகளை எடைபோட்டு, அந்த நுண்ணுயிர்க் கரைசலில் போட்டான். கூடவே இன்னொரு பாத்திரத்திலும் அதே அளவு துண்டுகள், அதே கரைசல். ஒரே ஒரு வித்தியாசம், அதிலிருந்த நுண்ணுயிர்களைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிட்டான். 6 வாரம் கழித்து எடைபோட்டால், செத்த நுண்ணுயிர் இருந்த பாத்திரத்தில் எடை மாறவில்லை. நுண்ணுயிர் உயிரோடு இருந்த பாத்திரத்தில் 17 சதவீதம் குறைந்திருந்தது. அந்த இரண்டாவது பாத்திரம் இல்லாவிட்டால், பிளாஸ்டிக் தண்ணீரில் ஊறி உதிர்ந்தது என்று யாராவது சொல்லிவிடலாம். இரண்டாவது பாத்திரம் அந்தச் சந்தேகத்தின் வாயை அடைத்தது. நல்ல வகை நுண்ணுயிர்களைப் பிரித்து, சூட்டையும் சத்தையும் சரிசெய்து, 6 வாரத்தில் 43 சதவீதம் வரை கொண்டுபோனான். 2008இல் கனடாவின் தேசிய அறிவியல் கண்காட்சியில் முதலிடம் பெற்றபோது அவனுக்கு 16 வயது. 2016இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை சக்காய் நகரில் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அது வேறு வகைப் பிளாஸ்டிக், வேறு நுண்ணுயிர். தேடிய வழி மட்டும் அதேதான், பிளாஸ்டிக் கிடக்கும் இடத்திலேயே தேடுவது.

பிளாஸ்டிக்கையே வேறு பொருளில் செய்வது இன்னொரு வழி. துருக்கியின் இஸ்தான்புல்லில் எலிஃப் பில்கின் என்ற 16 வயதுப் பெண், வாழைப்பழத் தோலிலிருந்து பிளாஸ்டிக் செய்ய 2 ஆண்டுகள் முயன்றாள். வாழைத்தோலில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு. 10 தடவை செய்தும் சரிவரவில்லை. ஒன்று வலு இல்லாமல் போனது, அல்லது சீக்கிரமே அழுகியது. 11வது, 12வது தடவைகளில் தேறியது. 2013இல் அவளுக்கும் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு என் அண்ணன் மகள் சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலமே ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை மணலுக்குப் போய்விட்டாள். ஒரு சின்ன டப்பா நிறையக் கறுப்புப் பொடி கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் துணுக்குக்கு ஜிகினாவை எடுத்துக்கொண்டோம். வாழ்த்து அட்டையில் தூவும் ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், எண்ணிப் போட்ட 20 ஜிகினாத் துண்டுகள், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் குழைத்த கறுப்புப் பொடி. நன்றாகக் கலக்கினாள். டம்ளரின் வெளிப்பக்கம் காந்தத்தை ஒட்டிப் பிடித்து, ஓரமாக மெல்ல இழுத்தாள்.

பக்கத்தில் இன்னொரு டம்ளரும் வைத்திருந்தாள். அதில் 20 ஜிகினா, தண்ணீர், பொடி எல்லாம் உண்டு, எண்ணெய் மட்டும் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கனடாக்காரப் பையனின் இரண்டாவது பாத்திரம் அவளுக்கு நினைவிருந்தது.

எண்ணெய் இல்லாத டம்ளரில் பொடி மட்டும் காந்தத்துக்கு ஓடியது; ஜிகினா இருந்த இடத்திலேயே இருந்தது. எண்ணெய் விட்ட டம்ளரில் ஜிகினா எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் எண்ணெய் காந்தத்தின் பின்னால் போகவில்லை. கறுப்பு மணிகள் எண்ணெயை விட்டுக் கழன்று அடியில் தங்கிவிட்டன. காந்தத்தோடு வந்த ஜிகினாவை எண்ணினாள்: 4.

பாப்பெல் ஏன் அத்தனை நுண்ணியதாக அரைத்தார் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. மணி பெரியதாக இருந்தால் அதன் எடையே அதை எண்ணெயிலிருந்து கீழே இழுத்துவிடும். இஞ்சி தட்டும் சின்ன உரலை வேண்டாம் என்று சொல்லி, தூக்கிப்போட வைத்திருந்த பழைய உரலில் பொடியை இடித்தோம். நீங்கள் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் டம்ளரைத் தொட்டியில் கவிழ்க்காதீர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, எண்ணெயையும் ஜிகினாவையும் பழைய செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். ஜிகினா சாக்கடைக்குப் போனால் அதுவும் மைக்ரோபிளாஸ்டிக்தான்.

அரைமணி நேரம் இடித்த பிறகு மறுபடி செய்தோம். இந்தத் தடவை எண்ணெய் கொஞ்சம் கறுப்பாகவே நின்றது. காந்தம் நகர நகர எண்ணெய்த் திட்டும் சோம்பலாக நகர்ந்தது. 20இல் 9.

நோட்டில் இரண்டு எண்களையும் தேதி போட்டு எழுதினாள். உரலில் இருந்த பொடியை விரல் நுனியில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் நறநறன்னு இருக்கு அத்தை. மைய அரைக்கணும்."

மணி எட்டாகியிருந்தது. அவள் உரலை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.